பிள்ளைகளை அனுப்பி வைத்த ஆசிரியர்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர் இப்பகுதிக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பிள்ளையை எதில் சேர்ப்பது என்பதே அக்கேள்வி. இம்முறை வந்தவற்றுள் ஒரு தாயாரின் மடல் நம்மைச் சற்று நிறுத்தி வைத்தது. மகனுக்குக் கணக்கின் மீது தணியாத ஆசையாம். கணிதந்தான் படிப்பேன் என்கிறானாம். தகப்பனாரோ பொறியியல் கல்லூரியில் இடம் பேசி முன்பணமும் கட்டிவிட்டாராம். "கணக்குப் படித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆவதைத் தவிர வேறு என்ன வழி?" என்பது அவர் கேள்வி.

வழி உண்டா இல்லையா என்று இங்கிருந்தபடி தீர்ப்புச் சொல்ல இயலாது. பையனையும் அறியோம், குடும்ப நிலையையும் அறியோம். ஆனால் அம்மடலை வாசித்தபோது நினைவுக்கு வந்தவர் ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டிலிருந்து வந்து, முதலில் நம் திருச்சி மாநகரிலும் பின்னர் சென்னையிலும் கணிதம் கற்பித்து, இந்நாட்டிலேயே முதுமை எய்திய சேசு சபைக் குரு, அருட்தந்தை சார்லஸ் ராசீன். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் கணிதம் அறிந்தோர் அவர் பெயரை அறிவர். திருச்சியில் அறிந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம் போலும்.

மெயின் கார்டு கேட் அருகே நிற்கும் தூய வளனார் கல்லூரியையும், அதனை ஒட்டி ஓங்கி நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தையும் நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்ட கல்லூரி அது. பிரெஞ்சு நாட்டுச் சேசு சபையினர் வளர்த்தது. காவிரிக்கு அக்கரையில் திருவரங்கத்து வீதிகளிலிருந்தும் திருவானைக்காவிலிருந்தும் பிள்ளைகள் பாலங்கடந்து வந்து இங்குப் படிப்பது பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சமும், அதையொட்டிய பூசலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்ததுண்டு. எனினும் அக்கரைப் பிள்ளைகள் வருவது நின்றுவிடவில்லை. திருவரங்கத்தில் பாட்டியார் வீட்டில் வளர்ந்து, பின்னாளில் சுஜாதா என்ற பெயரில் எழுதிப் புகழ்பெற்ற ரங்கராஜன் 1950-களில் இங்கே இயற்பியல் படித்தவர். இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாமும் அதே காலத்தவர். தம் ஆசிரியர்களுள் கணிதப் பேராசிரியர் தோத்தாத்ரி ஐயங்காரைக் கலாம் பிற்காலத்தில் எவ்வளவு நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார் என்பதைப் பலர் படித்திருப்பீர்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்பு, 1937-இல், ராசீன் சுவாமி இக்கல்லூரியில் கணிதம் கற்பிக்க வந்து சேர்ந்தார். 1897-இல் பிறந்தவர், வந்தபோது வயது நாற்பது. அப்போது அவர் விட்டுவந்தது எதை என்று அறிந்தால்தான் அவர் வரவின் மதிப்பு விளங்கும். பாரிசில் எலி கார்த்தான் என்னும் மேதையிடம் ஆய்வு செய்து 1934-இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். வடிவியலில் அக்காலத்து உலகம் கண்ட மிகப் பெரியவர்களுள் கார்த்தான் ஒருவர். ராசீன் எடுத்துக்கொண்ட பொருள் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையைச் சார்ந்தது. ஒன்றையொன்று ஈர்க்கும் பல பொருள்கள் எவ்வாறு இயங்கும் என்ற வினா அது. நியூட்டனின் விதிகளின்படியே மூன்று பொருள்கள் சேர்ந்துவிட்டால் கணக்குக் கைக்கு அடங்காமற் போய்விடும். ஐன்ஸ்டைனின் விதிகளில் அச்சிக்கல் பன்மடங்காகும்.

அதே ஆண்டுகளில்தான் பாரிசில் இளைய கணித அறிஞர் சிலர் கூடி, நிக்கோலா பூர்பாக்கி என்ற கற்பனைப் பெயரில், கணிதம் முழுவதையும் அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினர். கார்த்தானின் மகன் ஆன்றி கார்த்தானும், 1930 முதல் 1932 வரை நம் அலிகாரில் பேராசிரியராயிருந்த ஆந்திரே வெய்லும் அக்கூட்டத்தினர். இவர்களோடெல்லாம் ராசீனுக்குப் பழக்கம் உண்டு. அங்கேயே தங்கியிருந்தால் அவரும் பெரும் கணித மேதை ஆகியிருப்பார் என்று சொல்ல நான் முன்வரவில்லை. அது எவரும் அறிய முடியாதது. ஆனால் கணித உலகம் எந்த அறையில் அமர்ந்து மாற்றி எழுதப்பட்டதோ, அந்த அறையின் வாயிலருகே நின்றவர் கப்பலேறித் திருச்சிக்கு வந்தார் என்பது மட்டும் உண்மை.

இங்கே கண்டது வேறோர் உலகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடம் அக்காலத்தில் கேம்பிரிட்ஜின் பழைய முறையைப் பின்பற்றியது. கடினமான கணக்குகளைத் தந்திரமாக, விரைவாகப் போட்டு முடிப்பதே திறமை எனக் கருதப்பட்டது. அம்முறையில் தேறியவர்கள் கூர்மையானவர்கள்தாம். ஆயினும் ஐரோப்பாவில் கணிதத்தின் போக்கே மாறிவிட்டிருந்தது. அந்த மாற்றத்தை நம் வீட்டு வாசலில் வைத்தே விளக்கலாம். மார்கழி விடியலில் திருவரங்கத்து வீதியில் புள்ளிக் கோலம் இடும் பெண்மணி, எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று எண்ணித் தொடங்குகிறாள். பழைய கணிதம் அந்த எண்ணிக்கையில் வல்லது. புதிய கணிதம் கேட்பது வேறு கேள்வி. இக்கோலத்தைக் கால் வட்டம் திருப்பினால் பார்ப்பதற்கு முன்போலவே இருக்குமா? எந்தெந்தத் திருப்பங்களில் அது மாறாதிருக்கிறது? இரண்டு திருப்பங்களை அடுத்தடுத்துச் செய்தால் என்னவாகும்? கோலங்கள் வேறுபட்டாலும் இத்திருப்பங்களின் இலக்கணம் ஒன்றாக இருக்கக் கூடும். அந்த இலக்கணத்தைத் தேடுவதே புதுமுறையின் நோக்கம். இதனைப் பாடத்திட்டத்தில் தேடினால் கிடைக்காது, அறிந்த ஒருவர் சொல்லத்தான் வேண்டும். பிரெஞ்சுத் தாய்மொழியினர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, இருவருக்குமே அயல்மொழியான ஆங்கிலத்தில் அதைச் சொன்னார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. தூய வளனார் கல்லூரிக்கு இவ்வாறு வந்து சேர்ந்த பிரெஞ்சு அறிவியலார் ராசீன் ஒருவர் மட்டும் அல்லர். தாவரவியல் கற்பித்த அருட்தந்தை ராப்பினா பெயரால் 1967-இல் அக்கல்லூரியில் அருட்தந்தை கா. மா. மத்தேயு ஓர் உலர் தாவரக் காப்பகத்தை நிறுவினார். தமிழக நிலப்பரப்பின் தாவரங்களைப் பற்றிய பெரும் நூல்தொகுதி அங்கிருந்துதான் வெளிவந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள், நிற்க.

திருச்சியில் ராசீன் சுவாமி இருந்தது ஏறத்தாழ ஈராண்டே. 1939-இல் சபை அவரைச் சென்னை இலயோலாக் கல்லூரிக்கு அனுப்பியது. அதுவும் பிரெஞ்சுச் சேசு சபைக் குருவாகிய பெர்த்ராம் அடிகள் 1925-இல் நிறுவியதே. அவ்வாண்டிலேயே ஐரோப்பாவில் போர் மூண்டது, மறு ஆண்டு பிரான்சு வீழ்ந்தது. தாய்நாட்டிலிருந்து மடல் வருவதே அரிதான அந்நாளில், புதிய கணித நூல்களும் இதழ்களும் வந்து சேர்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆய்வாளனுக்கு அது பட்டினிக்கு ஒப்பாகும். அப்பட்டினிக் காலத்திலும் அதன் பின்னரும், 1967-இல் ஓய்வு பெறும் வரை, அவர் இலயோலாவிலேயே கற்பித்துக் கொண்டிருந்தார்.

அந்நாளில் சென்னையில் கணித ஆராய்ச்சிக்கு உயிரூட்டியவர்கள் மூவர் என்பர். மாநிலக் கல்லூரியின் ஆனந்தராவ் ஒருவர், பல்கலைக்கழகத்தின் வைத்தியநாதசுவாமி ஒருவர், ராசீன் சுவாமி மூன்றாமவர். ஆனந்தராவிடம் ஆய்வு செய்து 1940-இல் பட்டம் பெற்ற மீனாட்சிசுந்தரம் என்ற இளைஞர், வேலை கிட்டாமல் தேர்வெழுதும் மாணவர்க்குத் தனிப்பயிற்சி சொல்லிக் காலந்தள்ளினார். அதுவரை வரிசைத் தொடர்களின் கூட்டல் பற்றியே ஆய்ந்துவந்த அவரது மனம், வெப்பத்தையும் அதிர்வையும் ஆளும் வகைக்கெழுச் சமன்பாடுகளின் பக்கம் திரும்பியதில் ராசீன் சுவாமிக்கும் பங்குண்டு. பின்னர் மீனாட்சிசுந்தரம் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார், அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கு அழைக்கப்பட்டார். சுவீடன் நாட்டுப் பிளெயெலுடன் அவர் சேர்ந்து 1949-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வளைபரப்பு எவ்வாறு அதிரும் என்பதைக் கொண்டு அதன் வடிவைப் பற்றி எதையெல்லாம் அறியலாம் என்பதைக் காட்டியது. மிருதங்கத்தின் நாதத்தைக் கேட்டே அதன் அளவைச் சொல்வது போன்றது அது. பிற்கால வடிவியலார் அதன்மேல் பலவற்றைக் கட்டியெழுப்பினர்.

இலயோலாவில் அவரிடம் படித்தவர்களுள் கா. கோ. இராமநாதன் எண்கோட்பாட்டில் பெயர் பெற்றார். 1953-இல் ஆனர்ஸ் முடித்து வெளிவந்த இருவரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒருவர் வட ஆர்க்காட்டின் தண்டரை என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த மு. ச. நரசிம்மன். மற்றவர் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கற்பட்டில் வளர்ந்த சி. ச. சேஷாத்ரி. இருவரும் 1932-இல் பிறந்தவர்கள். அந்நாளில் ஆனர்ஸ் தேறிய கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஊரார் காட்டிய வழி அரசின் உயர் பதவித் தேர்வு. கல்லூரிகளோ அத்தகைய பிள்ளையை விரிவுரையாளராகத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பும். பம்பாயில் ஓமி பாபா 1945-இல் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சி நிலையம் அப்போது எட்டே ஆண்டுப் பிள்ளை. அங்கே கணிதத்திற்கென ஒரு பிரிவை 1949 முதல் சந்திரசேகரன் உருவாக்கி வந்தார். அதன் எதிர்காலம் என்னவென்று எவரும் உறுதி கூற முடியாது. ராசீன் சுவாமி தம் மிகச் சிறந்த இரு மாணவர்களையும் அங்கே போகச் சொன்னார்.

அதற்கு முன்பே அவர்களைப் பிரெஞ்சு அறிஞரின் புது நூல்களைப் படிக்கத் தூண்டியிருந்தார். 1950-களில் பாரிசின் அறிஞர்கள் பம்பாய்க்கு வந்து விரிவுரை நிகழ்த்தினர். பின்னர் இவ்விருவரும் பாரிசு சென்று சில ஆண்டுகள் ஆய்ந்து திரும்பினர். 1937-இல் ஒருவர் கடல் கடந்து வந்த பாதையில், இருபது ஆண்டுகள் கழித்து அவர் மாணவர் எதிர்த்திசையில் பயணம் செய்தனர் எனலாம். இருவரும் சேர்ந்து 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்று நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என உலகெங்கும் வழங்கப்படுகிறது. வடிவியல் ஒரு மொழியில் சொல்வதும், திருப்பங்களின் இலக்கணம் வேறொரு மொழியில் சொல்வதும் ஒரே பொருளைத்தான் என அது நிறுவியது. 1983-இல் ஆங்கில அறிஞர் டோனால்ட்சன் அதற்கு வேறொரு நிறுவல் தந்தார். இயற்பியலார் கூட அதனை நாடி வருகின்றனர்.

இனி, மடல் எழுதிய தாயாரின் கணவர் கேட்ட கேள்விக்கு மிக அருகில் வருவது இன்னொரு மாணவரின் வரலாறு. 1938-இல் சென்னையில் பிறந்த சி. ப. இராமானுஜம். கும்பகோணத்து மேதையோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இலயோலாவில் படித்த இவ்விளைஞருக்கு ராசீன் சுவாமி ஆசிரியராக மட்டுமன்றி நண்பராகவும் விளங்கினார். கல்கத்தாவிலுள்ள புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வில் பையன் நன்கு தேறியிருந்தான். புள்ளியியலுக்கு நல்ல மதிப்பிருந்த காலம் அது, தகப்பனார் அங்கே அனுப்பவே விரும்பினார். அவர் விருப்பத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பையனின் மனம் தூய கணிதத்தில் இருந்தது. ராசீன் சுவாமி பம்பாய்க்குப் பரிந்துரை மடல் எழுதினார். அதில் அவர் மதிப்பெண் பட்டியலை முன்வைத்து வாதாடவில்லை. இவனிடம் சுயமான சிந்தனையும், ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆர்வமும் உண்டு, போதிய வாய்ப்பளித்தால் நல்ல ஆய்வாளனாவான் என்ற பொருள்பட எழுதினார். 1957-இல் இராமானுஜம் பம்பாய் சென்றார். அவருடைய ஆய்வுகள் இயற்கணித வடிவியலில் நிலைபெற்ற இடம் பெற்றன, வெளிநாட்டுப் பேரறிஞர்கள் அவரைத் தம் நிகராகக் கருதினர்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் எழுதுவதற்கு எளிதாயிருக்கும். மன நோய் அவரைத் தொடர்ந்து வாட்டியது. பிறர் வியந்த தம் பணி அவர் கண்ணுக்குப் போதாததாகவே தோன்றியது. 1974 அக்டோபரில், 36-ஆம் வயதில், பெங்களூரில் அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். அப்போது ராசீன் சுவாமி உயிரோடிருந்தார், வயது எழுபத்தேழு. ஒரு பிள்ளையின் உள்ளத்தில் எரியும் ஆர்வத்தைக் கண்டுகொள்ள ஆசிரியரால் முடியும். கதவைத் திறந்துவிடவும் முடியும். அந்தப் பிள்ளை தனியே சுமக்கப்போகும் இருளையெல்லாம் முன்னதாகக் காண்பது அவரால் ஆகாது. இதைச் சொல்லும்போது, தகப்பனார் சொன்ன வழியில் போயிருந்தால் பிழைத்திருப்பாரே என்று எவரும் முடிவுகட்ட வேண்டா. அந்நோய் கணக்கு வாத்தியாரையும் பற்றும், பொறியாளரையும் பற்றும். இன்று மருத்துவம் உண்டு. நம் பிள்ளைகளுள் எவரேனும் அவ்வாறு வாடுவதாகத் தெரிந்தால், படிப்பைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மேலே சொன்ன பெயர்களை மீண்டும் நோக்குங்கள். இவர்களோடு, பின்னாளில் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி 2015-இல் மறைந்த இராகவன் நரசிம்மனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனைவரும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். மறை பரப்ப வந்தவர் என்று பதிவேட்டில் எழுதப்பட்ட குரு, முப்பது ஆண்டுகள் வேற்றுச் சமயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களுள் சிறந்தவர்களைப் பம்பாய்க்கு அனுப்பி வைத்தார். இதில் திருச்சபைக்கு என்ன ஆதாயம் என்று கேட்டவர்கள் அக்காலத்திலும் இருந்திருப்பர், இப்போதும் இருக்கின்றனர். என் வரையில் அக்கேள்வி பொருந்தாது. கணக்கைக் கற்பிக்கும்போது கணக்கையே முழு மனத்தோடு கற்பிப்பதும், பிள்ளையை அவன் நன்மைக்காகவே நேசிப்பதும் துறவிக்கு அழகான வேலை. வீரமாமுனிவரின் அகராதியையும் இலக்கணத்தையும் கொண்டாடும் நாம், இதை மட்டும் சந்தேகத்தோடு பார்ப்பானேன்?

இன்னொரு கேள்வி எனக்கு உண்டு, அது சற்றே உறுத்துவது. கல்லூரி நம்முடையது, ஆசிரியர் நம்மவர். அப்படியிருக்க அந்த வகுப்புகளிலிருந்து தூய அறிவியலுக்குச் சென்ற நம் குடும்பத்துப் பிள்ளைகளை நினைவுகூர முயன்றால் பெயர்கள் எளிதில் வருவதில்லை. ஏழ்மை ஒரு காரணம், மறுக்க மாட்டேன். மாதச் சம்பளம் உடனே வேண்டும் என்ற நிலையில் பத்தாண்டு ஆராய்ச்சி என்பது எட்டாக்கனி. ஆனால் இன்று பொறியியலுக்கு நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கட்டும் வீடுகளில் அந்தக் காரணம் நிற்குமா? ஆராய்ச்சி மாணவர்க்கு அரசின் உதவித்தொகை உண்டு, நுழைவுத் தேர்வில் தேறினால் படிப்புக்குப் பெருஞ்செலவு இல்லாத நிறுவனங்கள் உண்டு. அவற்றை விசாரித்தறிய ஒரு மாலைப் பொழுது போதும். அம்மையாரே, தங்கள் கணவரிடம் வாதாட வேண்டா, அந்த ஒரு மாலையை மட்டும் கேட்டு வாங்குங்கள். பையனையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஆசை, தேர்வு மதிப்பெண்ணின் மீதா அல்லது கணக்கின் மீதா என்பது அவன் பேசும்போதே தெரிந்துவிடும்.

ராசீன் சுவாமி 1976-இல் காலமானார். அவர் பெயரால் வழங்கும் பெருந்தேற்றம் ஏதும் இல்லை. நரசிம்மன் உலகெங்கும் பணியாற்றி 2021 மே மாதம் மறைந்தார். சேஷாத்ரி பம்பாயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, 1989-இல் சிறிய அளவில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம். ஆராய்ச்சி செய்பவர்களே இளங்கலைப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1998 முதல் அங்கே இளங்கலை வகுப்பு நடைபெறுகிறது. கருநாடக இசையை முறையாகப் பாட வல்லவர் அவர். 2020 சூலையில், 88-ஆம் வயதில் மறையும் வரை அந்நிறுவனத்தோடேயே இருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நுழைவுத் தேர்வெழுதி அங்கே சேரலாம். விண்ணப்பம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும், கோடை வரை காத்திருக்க வேண்டா.